எட்டு பாயிண்ட் எழுத்து

ஜூலை 27, ஞாயிறு

காலை 132/84. நடை 20 நிமிடம். பீரோவிலிருந்து டிவி வரை, டிவியிலிருந்து பீரோ வரை.

இந்த நோட்டு ரத்த அழுத்தம் எழுதி வைக்க வாங்கியது. ஜூன் மாதம் எனக்கு பைபாஸ் நடந்தது. காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது காட்டுங்கள் என்றார் டாக்டர். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று தேதி போட்டு வைத்தேன். இரண்டு எண்ணை எழுதியபின் மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. இருபத்தைந்து வருடம் அச்சகம் நடத்தியவனுக்கு வெள்ளைத் தாளைச் சும்மா விட மனம் வராது.

ஈரோட்டில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கீழே சம்மணம் போட்டு உட்காரக்கூடாது. அச்சகத்தைப் பங்காளியிடம் விட்டாயிற்று. அதனால் கோபி டவுனுக்குப் பக்கத்தில் என் மாமனார் இருந்த தோட்டத்து வீட்டுக்கே குடி போவது என்று முடிவாகியிருக்கிறது. மாமனார் போனபின் எட்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. ஆடியில் மராமத்து, ஆவணியில் பால் காய்ச்சுவது.

மராமத்தைப் பார்த்துக்கொள்வது என் சகலை சென்னியப்பன். என் மனைவி வசந்தாமணியின் அக்கா கண்ணம்மாளைக் கட்டியவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் புதூரில் இருக்கிறார். நான் யாரையும் கூப்பிடவில்லை. வசந்தா கூப்பிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

காலை 130/82. மாலை 140/88. மாலையில் சகலை வந்திருந்தார். இந்த ரத்த அழுத்த மெஷினே அவர் வாங்கிக் கொடுத்ததுதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலை 130/84. மாலை 144/90.

காரில் தோட்டத்துக்குப் போய் வந்தோம். என்னை வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை அந்த நாற்காலியில் இருந்துகொண்டு, என் வீட்டுக் கூரைமேல் இன்னொருவர் ஏறி நின்று ஓடு மாற்றுவதை அண்ணாந்து பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு அப்படி ஒரு நிதானம். மேலிருந்தபடியே கீழே இருக்கிறவர்களிடம் ஏதோ சொல்கிறார், வசந்தா சிரிக்கிறாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க, எங்க அப்பா ஏணியில இருந்து உழுந்த கதை" என்றாள். எனக்குப் புரியாத கதையில் சிரிப்பு வேறு.

குளியலறையைக் காட்டக் கூட்டிப்போனார். எனக்காக உட்காரும் கக்கூஸ் வைத்திருக்கிறார். பக்கத்துச் சுவரில் பளபளவென்று ஒரு கைப்பிடி.

"எந்திரிக்கறப்ப இதப் புடிச்சுட்டு எந்திரிங்க தம்பி. நெஞ்சுக்கு வலிக்காது. நானே உக்காந்து எந்திரிச்சுப் பாத்துத்தான் ஒசரம் அளந்தேன். நீங்க என்னைய விட ரெண்டு விரக்கடை கட்டை, அதுக்குத் தகுந்தாப்ல வெச்சுருக்கறேன்."

ஒரு மனிதன் தன் சகலையின் கக்கூஸில் உட்கார்ந்து பார்த்து உயரம் அளக்கிறார். இதற்கு நன்றி எப்படிச் சொல்வது என்று எந்த ஊரிலும் முறை கிடையாது. "ம்" என்றேன். வரும் வழியெல்லாம் அந்த இரண்டு விரற்கடை உறுத்திக்கொண்டே வந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

காலை 128/82. மாலை 128/80. இன்று யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை 130/82. மாலை 146/92.

மகள் இலக்கியா பிளஸ் டூ படிக்கிறாள். பதினெட்டு வயது நிறைந்ததும் லைசென்ஸ் வாங்கி, வண்டி ஓட்ட நான்தான் கற்றுத் தருவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் பதினெட்டு முடிந்தது. எல்.எல்.ஆர். மட்டும் வாங்கிக் கொடுத்தேன். இன்று தோட்டத்தில் அவள் பெரியப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைவரை போய்த் திரும்பி வந்தாள். சகலை பின்னாலேயே ஓடினார். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க எல்லோருக்கும் நல்ல வேடிக்கை.

"அப்பா, பாத்தீங்களா? பெரியப்பா பிரேக்க மட்டும் நெனப்பு வெச்சுக்க, மத்தது தானா வரும்னாங்க. வந்துருச்சு."

நான் கற்றுத் தந்திருந்தால் முதலில் சாலை விதிகள் சொல்லியிருப்பேன் என்றேன். "அதனாலதாம்ப்பா" என்றாள். மொபெட் தோட்டத்திலேயே இருக்கட்டும், பாப்பா ஓட்டிப் பழகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் புதூருக்கு நடந்தே போனார். நல்லவராக இருப்பதில் அந்த மனிதருக்கு ஒரு அளவே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை 126/80. மாலை 126/82.

இந்த மாதத்தில் நான் மனிதனாக இருந்த ஒரே நாள். பால் காய்ச்சும் அழைப்பிதழுக்கு புரூஃப் பார்க்க அச்சகத்துக்குப் போனேன். ஆகஸ்ட் 29, வெள்ளி, காலை 6 முதல் 7.30 வரை. தாள், நிறம், ஓரம் எல்லாம் என் விருப்பம்.

கீழே அழைப்பவர்கள் பெயர் வரும். நல்லசிவம் – வசந்தாமணி என்று எங்கள் பெயர் பதினாலு பாயிண்ட் எழுத்தில் இருக்கட்டும் என்றேன். மராமத்து முழுக்கச் செய்தவர் பெயரையும் போட வேண்டும் என்று வசந்தா சொல்லியனுப்பியிருந்தாள். போட்டேன். எட்டு பாயிண்டில்.

"சார், எட்டு கண்ணுக்கே தெரியாது. பத்தாவது வெக்கலாம்" என்றான் கம்ப்யூட்டரில் இருந்தவன். இடம் பத்தாது என்றேன். இடம் இருந்தது. ஒரு பிள்ளையாரையும் இரண்டு குத்துவிளக்கையும் வைத்து நிரப்பினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை 134/86. மாலை 150/94.

ஆடி முடிந்ததும் சாமான் ஏற்றினோம். பால் காய்ச்சாமல் வீட்டுக்குள் எதையும் வைக்கக்கூடாது என்பதால் எல்லாம் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் இறங்கின. மாடு இல்லாத கொட்டகையை அவர் சுண்ணாம்படித்து, தார்ப்பாய் விரித்து வைத்திருந்தார்.

பீரோ மாடிப்படியில் திரும்பவில்லை. இந்த வீட்டுக்கு வரும்போது அதைக் கழற்றித்தான் ஏற்றினோம், கழற்றித்தான் இறக்க வேண்டும் என்று நான் நாற்காலியிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "தம்பி சொல்றது சரிதானுங்க. ஆனா திருகாணியெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு, கழட்டுனா மறுபடி பூட்டாது" என்று சொல்லி, கிணற்று வடத்தைப் பால்கனிக் கம்பியில் சுற்றி, பீரோவுக்கு என் பழைய போர்வையைப் போர்த்தி, ஒரு கீறல் இல்லாமல் தெருவில் இறக்கினார். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடியில் நின்று பார்த்தார்கள். குட்டி யானை வண்டி டிரைவர் கை தட்டினான். பதினோரு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், எனக்காக யாரும் ஜன்னலைக்கூடத் திறந்ததில்லை.

மதியம் எல்லோருக்கும் வசந்தா சாப்பாடு போட்டாள். முதல் இலை அவருக்கு. "மாமா, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று மூன்று முறை சொன்னாள். எனக்கு உப்பில்லாத ரசமும் ஆவியில் வேகவைத்த பீன்ஸும்.

பொறாமை என்றுதான் இதற்குப் பெயர். எழுதிவிட்டேன். எழுதியதால் குறைந்த மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை 136/86. காலியான வீட்டில் குரல் எதிரொலிக்கிறது. வசந்தா என்னிடம் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் திரும்பிப் போனாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை 134/86. நடை 25 நிமிடம். இப்போது பீரோ இல்லை, சுவரிலிருந்து சுவருக்கு.

ஒன்றை எழுதாமல் விட்டு வந்திருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடலாம்.

மாமனார் சொத்தை இரண்டு மகள்களுக்கும் பிரித்தபோது இந்த வீடும் கிணறும் கண்ணம்மாள் பங்குக்குத்தான் போயிற்று. வசந்தாவுக்கு வந்தது மேட்டுக்காடு. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் கருவேலம். எனக்கு ஆபரேஷன் நடந்து நான்காம் நாள் அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சகலை என் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, ஆரஞ்சுப் பழத்தை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"நாங்க புதூர்லதான் இருக்கறோம். அந்த ஊடு சும்மா பூட்டிக் கெடக்குது. தம்பி அதுல வந்து இருந்துக்கட்டும். நாங்க மேட்டுக்காட்ட எடுத்துக்கறோம். மாத்தி எழுதிக்கலாமுங்க."

மூக்கில் குழாயோடு கிடந்தேன். பேச முடியாது என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். பேச முடிந்திருக்கும். ஜூலையில் பத்திர ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கும் பேனா நன்றாக எழுதுகிறதே என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. தேடித் தேடிப் பார்க்கிறேன். அந்த மனிதரிடம் அது இல்லவே இல்லை. அதிலும் எனக்குப் பொறாமை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை 130/84. மாலை 142/90.

அழைக்கும் வேலை என்னுடையது. தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் கனமில்லை என்று டாக்டரே ஒத்துக்கொள்வார். காரில் நான்கு நாளாகச் சுற்றினேன். எத்தனை ஆயிரம் அழைப்பிதழ் அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாத முறையா? அட்டை பேசாது. வீட்டு வாசலேறி, வெற்றிலை பாக்கு வைத்து, வாய் திறந்து வாங்க என்று சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டிலிருந்து ஆள் வராது. பக்கத்து வீடாக இருந்தாலும் வராது, அண்ணன் தம்பியாக இருந்தாலும் வராது. வந்தால் அவர்களுக்கு மரியாதை இல்லை.

இன்று புதூர்ப் பக்கம். பால் சொசைட்டி ராமசாமி வீட்டில் வைத்தேன். மில்லுக்காரர் வீட்டில் வைத்தேன். அடுத்த சந்தில் திரும்பினால் சகலை வீடு. டிரைவர் வண்டியை மெதுவாக்கினான்.

தினமும் தோட்டத்துக்கு வருகிறவருக்கு எதற்குத் தனியாக ஒரு அழைப்பு என்று தோன்றியது. நேரே போகச் சொன்னேன். பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான், வசந்தா எழுதியது. அதற்கு நேரே பச்சை மையில் டிக் அடித்தேன்.

பால் பொங்குகிற அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அந்த வீட்டில் நான் ஆம்பளையாக நின்றுகொள்கிறேன். அதற்குப் பிறகு அவர் வரட்டும், கூரை ஏறட்டும், எது வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை 144/90. சகலை இரண்டு நாளாகத் தோட்டத்துக்கு வரவில்லையாம். வேலை முடிந்துவிட்டதல்லவா. அமைதியாக இருக்கிறது.

"அக்கா வீட்ல சொல்லியாச்சுங்களா?" என்று வசந்தா கேட்டாள். டிக் அடித்திருக்கிறேனே என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

காலை 148/92. ஊறுகாய் எதுவும் தொடவில்லை. ஏன் ஏறுகிறது என்று தெரியவில்லை.

தோட்டத்து வீட்டுச் சாவி வந்தது. பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரு மாதமாக அவரே வந்து திறந்து அவரே பூட்டிக்கொண்டிருந்த சாவி. செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றி, மேலே வசந்தா பெயர் எழுதியிருந்தது.

வசந்தா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலை 152/94. மாலை 154/96. மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அளக்கவில்லை.

ஐந்தரைக்குத் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். கூட்டம் ஒரு நாற்பது பேர். ஐயர் வந்து ஹோமத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு நேரம் ஆயிற்று என்றார். சமையலறையில் மூன்று செங்கல் வைத்து, புதுப் பானைக்கு மஞ்சள் கட்டி, பால் ஊற்றி எல்லாம் தயார். வசந்தா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி ஆறு இருபது.

"பத்த வை" என்றேன்.

"அக்காவும் மாமாவும் வரட்டுங்க."

"வந்துருவாங்க. நேரம் போகுதில்ல?"

அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "அழச்சீங்களா?"

வாசலில் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் நாங்கள் இரண்டு பேர்தான். "மறந்துட்டேன் வசந்தா. அலைச்சல்ல விட்டுப்போச்சு."

"மறக்கலீங்க. இருவத்தி நாலாந்தேதி எழுதியிருக்கறீங்க. பச்ச மையில டிக் போட்டதையும் எழுதியிருக்கறீங்க."

"நோட்டப் படிச்சியா?"

"மொத நாள்ல இருந்து படிக்கறேன். உங்க பிரஷர் எத்தனைன்னு நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க? கைப்பிடி, எட்டு பாயிண்ட்டு, பீரோ எல்லாம் படிச்சேன். படுத்துட்டுக் கெடக்கற மனுசன், எழுதித் தீத்துக்கட்டும்னு சிரிச்சுட்டு உட்டுட்டேன். இருவத்தி நாலாந்தேதி படிச்சுட்டு எனக்குச் சிரிப்பு வரலீங்க. அஞ்சு நாளாப் பாத்துட்டு இருக்கறேன், இன்னிக்குப் போவாரு, நாளைக்குப் போவாருன்னு. நேத்துப் பொழுது உழுகற வரைக்கும் பாத்தேன்."

"நீ போய் சொல்லியிருக்கலாம்ல."

"நான் கூப்புட்டா அக்கா வந்துருவா. மாமாவ நீங்கதான் கூப்புடோணும்." தீப்பெட்டியைத் தரையில் வைத்தாள். "அவங்க குடுத்த ஊடு இது. அவங்க வராம இந்த அடுப்புல நான் தீ வெக்க மாட்டேன். நேரம் போனாப் போகட்டும். சாமானத் திருப்பி ஏத்தி ஈரோட்டுக்கே போயிரலாம்."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னைக் கட்டியதற்காக இவள் வெட்கப்பட்டது இன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு அழைப்பிதழ். கார் டிரைவர் டீ குடிக்கக் கடைவீதிக்குப் போயிருந்தான். இலக்கியா ஒன்றும் கேட்காமல் மொபெட்டை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் தாம்பாளத்தை மடியோடு அணைத்துக்கொண்டேன். வாய்க்கால் கரையில் குண்டும் குழியும். "நெஞ்சு வலிக்குதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அது மெஷினில் அளக்கிற வலி இல்லை.

சகலை வீட்டு வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அவர் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் பட்டுச்சேலையில் கண்ணம்மாள். அவர்கள் காலடியில் ஒரு பித்தளைக் குடம், குடத்தின் வாயில் தேங்காய், அதற்குப் பக்கத்தில் வேட்டி சேலை வைத்த சீர்த்தட்டு, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. எல்லாம் தயாராக இருந்தது. ஒரு சொல்தான் பாக்கி.

வண்டியை விட்டு இறங்கினேன். மாமனார் போன இந்த எட்டு வருடத்தில் அந்த வாசலில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. அழைப்பிதழில் அடிக்கிற வாசகம் எனக்குத் தலைகீழாகத் தெரியும், இருபத்தைந்து வருடம் அடித்தது. அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அண்ணா," என்றேன். "எங்க ஊட்ல பால் காச்சறோமுங்க. நீங்களும் அவிங்களும் வந்து நடத்திக் குடுக்கோணுங்க."

தாம்பாளத்தை நீட்டினேன். அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வர்றோமுங்க தம்பி. நீங்க சித்த உக்காருங்க. இப்படி அவசரப்பட்டு வரலாமா? பாப்பா, உள்ள போயி அப்பாவுக்குத் தண்ணி மோந்துட்டு வா."

"நாலு மணிக்கே தலைக்குத் தண்ணி வாத்துட்டு உக்காந்தவரு," என்றாள் கண்ணம்மாள். என்னைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துச் சொன்னாள். "கூப்புடாத ஊட்டுக்குக் கெளம்பி ஏன் உக்காந்திருக்கறீங்கன்னு கேட்டேன். தம்பிக்கு ஒடம்பு முடியல, மெதுவாத்தான் வரும்னாரு. நேத்தும் அதையேதான் சொன்னாரு. முந்தா நாளும் அதையேதான் சொன்னாரு."

"அட, உடு கண்ணம்மா" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்தார். நான்காக மடித்து ஓரம் நைந்திருந்தது. "சொசைட்டியில ராமசாமி கார்டைக் காட்டுனான். உம்பேரு போட்டிருக்குதுடான்னான். அவன் கிட்டயே கேட்டு வாங்கிட்டு வந்தேன். எழுத்து நெம்பப் பொடிசு தம்பி, கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியல. நேத்து ஊடு கூட்ட வந்தப்ப பாப்பாதான் லென்ஸு வெச்சுப் படிச்சுச் சொன்னா. என்ற பேரு அச்சுல வந்தது இதுதானுங்க மொதத் தடவ."

லென்ஸ் வைத்துப் படித்துச் சொன்ன பாப்பா தண்ணீர்ச் செம்போடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அச்சகத்தில் வளர்ந்த பெண். எட்டு பாயிண்ட் எது, பத்து பாயிண்ட் எது என்று அவளுக்குத் தெரியும்.

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். "தப்பு என்மேலதாங்க அண்ணா. மறந்தது இல்லீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் வருத்தம் இருந்தது. ஒரு நொடி அது கண்ணில் வந்து நின்றது, நான் பார்த்தேன். பிறகு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"சாவியக் குடுத்து உட்டிருக்கப்படாது நானும்" என்றார். "வாங்க, நேரம் ஆகுது."

பக்கத்து வீட்டு ஆம்னி வேனில் எல்லோரும் ஏறினோம். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழு பதினைந்து. வசந்தா அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. அடுத்த குச்சியை அக்காவிடம் கொடுத்தாள்.

பால் ஏழு இருபத்தெட்டுக்குப் பொங்கியது.

ஆகஸ்ட் 30, சனி

காலை 122/78. மெஷினில் பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கைப்பிடி சரியான உயரத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

காலை 124/80. நடை 25 நிமிடம்.

வசந்தா படிக்கிறாள் என்று தெரிந்துகொண்டு எழுதுவது பழக்கமில்லாத வேலை. இனிமேல் எழுத வேண்டாம், எண்ணை மட்டும் போடலாம் என்று நினைத்தேன். காலையில் நோட்டை எடுத்தபோது இந்தப் பக்கத்துக்கு நடுவில் பேனாவை வைத்து மூடியிருந்தது. நான் அப்படி வைப்பதில்லை. எழுதச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வசந்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை 126/80. குழாய் நேற்றைவிட அதிகமாக ஒழுகுகிறது.

செப்டம்பர் 3, புதன்

காலை 124/80. மாலை 138/88.

காலை நடையைப் புதூர்ப் பக்கம் வைத்துக்கொண்டேன். அண்ணன் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். குழாய் ஒழுகுதுங்க, வந்து பார்த்துக் கொடுங்க என்றேன். பத்து மணிக்கு வந்தார். நான் இரண்டு நாளாகத் திருகிக்கொண்டிருந்ததை இரண்டு நிமிடத்தில் நிறுத்தினார். வாசர் தேய்ந்திருந்ததாம். வசந்தா சிரித்தாள், இலக்கியா கை தட்டினாள். மத்தியானம் இலை போட்டு, "மாமா, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று மூன்று முறை சொன்னாள். எனக்குப் பீன்ஸ்.

வயிறு எரிந்தது. மேலே போட்டிருக்கிற எண்ணே சொல்லும். வசந்தா, படித்துவிட்டுச் சிரித்துக்கொள். ஆனால் டாக்டர் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்: இந்தத் தடவை அவரைப் போய்க் கூப்பிட்டது நான்.